பெயர் எழுதும் படம், பெயர் மறைக்கும் படம்

மருத்துவக் கல்லூரிக்குள் காமிராவோடு போகிறவனுக்கு இரண்டே விதிதான். மாணவர் படத்தில் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். நோயாளி படத்தில் பெயர் இருந்துவிட்டால் அது துரோகம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் தொழில் ஓடியது. தூத்துக்குடியில் ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன் நான். கல்யாணமும் காதுகுத்தும் சோறு போட்டன. தொழிலைக் கற்றுக்கொடுத்தது ஆஸ்பத்திரி.

எழுபதுகளின் கடைசியில் டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். 1974இல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு ஊர் வேகமாக மாறிக்கொண்டிருந்த நேரம். கப்பல் வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் படம், பனிமய மாதா கோயில் திருவிழா, புதுநன்மை வாங்கும் பிள்ளைகள், முதலாளிமார் கேட்டால் உப்பளம் என்று வேலைக்குக் குறைவில்லை. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனதால் அதைப் படமெடுக்கும் கொடுப்பினை எனக்கு முந்தின ஆட்களுக்குத்தான் வாய்த்தது. திரேஸ்புரத்தில் சங்குக்குளி மட்டும் தொடர்ந்தது.

பின்னாளில் ஆஸ்பத்திரியில் எனக்குக் கைகொடுத்த பாடம் உப்பளத்தில் கிடைத்ததுதான். காமிராவில் இருக்கிற லைட் மீட்டர் எந்த வெள்ளையையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்குப் போடும். சித்திரை வெயிலில் உப்புக் குவியலை மீட்டர் சொன்னபடி எடுத்தால் உப்பு அழுக்குச் சாம்பலாக வரும், பக்கத்தில் நிற்கிற ஆள் கரியாகிவிடுவார். அதனால் மீட்டரை உப்பில் காட்டாமல் உள்ளங்கையில் காட்டுவோம். மனிதர்கள் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டித் திறந்தால் உப்பும் வெள்ளையாக இருக்கும், முகமும் தெரியும். வெள்ளைக் கோட்டு போட்ட நூறு பேரை வெட்டவெளியில் நிறுத்தியபோதும் இதே கணக்குத்தான் உதவியது.

அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் இல்லை. 1986இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பெரிய வைத்தியம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கியது. டாக்டருக்குப் படிக்க நினைத்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரியும் அதுதான். குரூப் போட்டோ எடுக்க எங்கள் முதலாளிக்கு அந்தப் பக்கம் அழைப்பு வரும். ஸ்டாண்டும் பெட்டியும் தூக்கிக்கொண்டு நானும் பஸ் ஏறுவேன்.

குரூப் போட்டோவைச் சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் வரிசைக்கு நாற்காலி, இரண்டாவது வரிசை தரையில் நிற்கும், மூன்றாவதுக்கு மெஸ்ஸிலிருந்து பெஞ்சு, நான்காவதுக்கு மேசை. மேசை ஆடுகிறதா என்று முதலாளி தானே ஏறி நின்று பார்ப்பார். நூறு பேரில் ஒருவராவது கண் சிமிட்டுவார் என்பதால், எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்வார். திறந்த கண் ஒரு நொடியாவது சிமிட்டாமல் நிற்கும். அதற்குள் ஷட்டர் விழுந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. “யாரும் கலையப்படாது, நின்ன எடத்துலயே நில்லுங்க” என்று சத்தம் போட்டுவிட்டு, வரிசைக்கு ஒரு தாளும் பென்சிலும் என் கையில் கொடுப்பார். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். படம் எடுக்க அரை மணி நேரம் என்றால் பெயர் எழுத ஒரு மணி நேரம். வெயிலில் பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். முதலாளி அசைய மாட்டார். “நாளைக்கு எழுதிக்கிடலாம்னு விட்டா அது எழுதுனதாவே இருக்காது தம்பி” என்பார். படத்தை அட்டையில் ஒட்டி, கீழே பெயர்களை அச்சிட்டுக் கொடுத்த பிறகுதான் கூலி வாங்குவார். முப்பது வருஷம் கழித்து அந்த அட்டையைத் தேடி வருகிற டாக்டர்கள் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது கீழே இருக்கும் பெயர் வரிசையைத்தான். பெயரைக் கண்ட பிறகுதான் முகத்துக்குப் போவார்கள்.

எனக்கு இன்னொரு வாத்தியார் அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் இருந்த டார்க்ரூம் உதவியாளர். எங்கள் ஸ்டூடியோ இருட்டறையும் அவருடைய இருட்டறையும் அண்ணன் தம்பி மாதிரி. அதே சிவப்பு விளக்கு, அதே டெவலப்பர், அதே ஹைப்போ வாடை. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு ஆலை ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் செய்தது, எக்ஸ்ரே பிலிமும் செய்தது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்க வாங்கிப்போகும் வியாபாரிகளும் இருந்தார்கள். ஒரு மருந்தின் விகிதம் அவரிடம் கேட்கப் போனால், ஒரு சுருளைக் கழுவும் நேரம் அவர் என்னிடம் கேட்பார்.

அவரிடம் நான் கவனித்துக் கற்றது எண். எக்ஸ்ரே எடுக்கும்போது பிலிம் பெட்டியின் மேல் ஈயத்தில் வார்த்த சின்ன எழுத்துகளை வைப்பார்கள். வலமா இடமா என்று ஓர் எழுத்து, பக்கத்தில் அந்த ஆளுக்குரிய எண். அது எலும்போடு சேர்ந்து பிலிமிலேயே பதிந்துவிடும். ஆள் யார் என்பது தனிப் பதிவேட்டில் இருக்கும். பிலிம் எந்த மேசைக்குப் போனாலும் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பதிவேட்டைத் திறக்க உரிமை இல்லாதவருக்கு அது யாரோ ஒருவரின் நெஞ்சு, அவ்வளவுதான். நோயாளிகளைப் படம் பிடிக்கும் வேலை வந்தபோது இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டேன். படத்தில் எண், நோட்டில் பெயர், நோட்டு பூட்டிய அலமாரியில்.

2000ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கே மருத்துவக் கல்லூரி வந்தது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, கல்லூரி ஆஸ்பத்திரி ஆனது. கல்லூரிக் கட்டடம் மூன்றாவது மைலில், காமராஜ் நகரில். பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் என் ஸ்டூடியோவுக்குள் வந்த மாணவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஹால் டிக்கெட்டுக்கு, லைப்ரரி கார்டுக்கு, பஸ் பாஸுக்கு என்று அதே பிள்ளைகள் வருஷா வருஷம் வந்தார்கள். கழுத்து எலும்பு தெரிய வந்த பையன், ஹவுஸ் சர்ஜனாக வரும்போது கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடும் பேச்சில் ஒரு நிதானத்தோடும் வந்தான். ஐந்தரை வருஷத்தில் ஒரு மனிதர் எப்படி டாக்டர் ஆகிறார் என்பதற்கு என்னிடம் இருந்த பாஸ்போர்ட் நெகட்டிவ் வரிசையைவிடத் தெளிவான சாட்சியை நான் எங்கும் பார்த்ததில்லை. நெகட்டிவ் உறை ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதியிருந்ததால்தான் அது வரிசை ஆனது.

வார்டுக்குள் என்னைக் கூப்பிட்டது கருத்தரங்குகளுக்காக. பவர்பாயிண்ட் வருவதற்கு முன்பு டாக்டர்கள் கருத்தரங்கில் ஸ்லைடு போட்டுத்தான் பேசுவார்கள். ஸ்லைடு பிலிமைக் கழுவ சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஒரு தொகுப்பு திரும்பி வருவதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார். மறுபடி எடுக்க முடியாது. அதனால் ஒரே தடவையில் சரியாக எடுக்கும் பழக்கம் வந்தது. பின்னால் ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி, பக்கத்தில் சென்டிமீட்டர் அளவுகோல், வெளிச்சம் எப்போதும் ஒரே பக்கம், தூரம் எப்போதும் ஒரே தூரம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் மாறியிருக்க வேண்டியது நோய் மட்டும்தான். வெளிச்சம் மாறினால் ஆறாத புண்கூட ஆறியது போலக் காட்டும். அழகுக்காக ஒரு நிழலைக் கூட்டுவதும் வார்டில் பொய் சொல்வதுதான்.

உப்பளத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாவின் பாதத்தைப் படம் எடுக்கச் சொன்னார்கள். வெறுங்காலோடு பாத்தியில் நின்று நின்று குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் ஆறாத புண். டாக்டர் விளக்கினார், சம்மதப் படிவத்தில் கைநாட்டும் வாங்கியாயிற்று. நான் குனிந்து அளவுகோலை வைத்தபோது அவர் கேட்டார்: “தம்பி, இந்தப் படத்த யாரெல்லாம் பாப்பாவ?”

படிவத்தில் எழுதியிருந்த எதுவும் அதற்குப் பதிலாக இல்லை. டாக்டர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “படிக்கிற பிள்ளைங்க பாப்பாங்க அம்மா. வேற ஊரு டாக்டருங்க பாப்பாங்க. உங்க தெருக்காரங்க பாக்க மாட்டாங்க” என்றார். “அப்பம் எடுங்க” என்று காலை நீட்டினார் அந்த அம்மா. அன்றுமுதல், நோயாளி கேட்கும் முன்னாலேயே இந்தப் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் காமிராவை எடுத்தேன். சம்மதம் என்பது கைநாட்டில் இல்லை, யார் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டு காலை நீட்டுவதில் இருக்கிறது.

இன்னொரு முறை சங்குக்குளிக்காரர் ஒருவர். எங்கள் பக்கம் கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியாகச் சுவாசித்தபடி அடியில் நெடுநேரம் இருந்து சங்கு எடுப்பார்கள். வேகமாக மேலே வந்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். சிலருக்குத் தோலில் பளிங்குக் கல்லின் வரி போல நீலமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். அது நிலைத்து நிற்கிற அடையாளம் இல்லை, மறைந்துவிடும். மறைவதற்குள் எடுக்கவேண்டும் என்று அவசரமாக ஆள் அனுப்பினார்கள். அந்த இளைஞர் சொன்னது: “அண்ணே, மொகம் வேண்டாம். வீட்ல தெரிஞ்சா கடலுக்கு விடமாட்டாவ.” முகத்தை விட்டு நெஞ்சையும் தோளையும் மட்டும் காட்சியில் வைத்தேன். வைத்துப் பார்த்தபோது, தோளுக்குக் கீழே ஒரு பெயரைப் பச்சை குத்தியிருந்தது தெரிந்தது. திரேஸ்புரத்தில் அந்தப் பச்சையைப் பார்த்தால் போதும், ஆள் யார் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். துணியை இறக்கி அதையும் மறைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஒரு காலத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் போதும் என்று எல்லோரும் நம்பினோம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவின் நெறிமுறையே, கண்ணை மறைப்பது மட்டும் அடையாளத்தைக் காக்கப் போதாது என்று சொல்கிறது. மச்சம், தழும்பு, மூக்குத்தி, தாலிக்கொடி, படுக்கை எண் எல்லாம் பேசும். 1895இல் ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பைவிட முதலில் கண்ணில் பட்டது விரலில் இருந்த மோதிரம். எலும்பு யாருடையதாகவும் இருக்கலாம், மோதிரம் ஒருவருடையதுதான்.

டிசெக்‌ஷன் ஹாலில் மட்டும் எடுக்க மறுத்தேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் மாணவர்கள் சடலத்தைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதை அஞ்சலட்டையாகக்கூட அனுப்பினார்கள். மேசையில் கிடந்தவர்களில் பலர் ஏழைகள், கறுப்பின மக்கள். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இங்கே 2019இல் புதிய பாடத்திட்டம் வந்த பிறகு, உடலைத் தொடுவதற்கு முன் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். உறுதிமொழிக்காகக் கையை நீட்டி நிற்கும் மாணவர்களைத்தான் நான் எடுப்பேன். மேசை காட்சிக்கு வெளியே இருக்கும். உயிரோடு இருக்கிற நோயாளிக்கு உள்ள மரியாதை, தன் உடலைப் பாடமாகக் கொடுத்தவருக்கும் உண்டு.

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டின்போது காயம்பட்டவர்களை ஜி.எச்.சுக்குத்தான் கொண்டுவந்தார்கள். வாசலில் ஊரே நின்றது. பத்திரிகைக்காரர்கள் வெளியே தங்கள் கடமையைச் செய்தார்கள். நாடு அறிய வேண்டிய படங்கள் அவை. எனக்கு உள்ளே தெரிந்தவர்கள் இருந்தார்கள், போயிருக்கலாம். போகவில்லை. படுக்கையில் கிடக்கிற காயம்பட்டவரின் முகம் வெளியே போனால் அது நாளை யார் கையில் எதற்குப் பயன்படும் என்று படம் எடுக்கிறவனால் சொல்ல முடியாது. காயத்தைச் சட்டத்துக்காகப் பதிவு செய்வதற்குத் தனி முறை இருக்கிறது. காவல் மரணங்களில் பிரேதப் பரிசோதனையை வீடியோவில் எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995இலேயே சொன்னது. அந்தப் பதிவு நியாயம் கேட்பதற்கு. தெரிந்தவர் இருக்கிறார் என்று உள்ளே நுழைந்து எடுக்கிற படம் அந்த வேலையைச் செய்யாது.

கொரோனா வந்த 2020இல் என் வயதுக்காரனை வார்டு பக்கம் விடவில்லை, விடாததும் சரிதான். அந்தக் காலத்தின் பதிவு முழுவதும் மாணவர்களும் நர்சுகளும் தங்கள் போனில் எடுத்தது. அந்தப் படங்களை வாங்கிச் சேர்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தலை முதல் கால்வரை மூடிய உடைக்குள் யார் டாக்டர், யார் நர்சு, யார் துப்புரவுப் பணியாளர் என்று ஒருவருக்கொருவர் தெரியவில்லை. அதனால் நெஞ்சிலும் முதுகிலும் மார்க்கர் பேனாவால் அவரவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். நான் பார்த்த ஆஸ்பத்திரிப் படங்களில் எல்லோருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தது அவற்றில்தான்.

போன் வந்ததால் படம் பெருகியதில் எனக்கு வருத்தம் இல்லை. வார்டில் விடியற்காலை மூன்று மணிக்கு டீ கிளாஸோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஹவுஸ் சர்ஜனை எந்த ஸ்டூடியோக்காரன் எடுத்திருக்க முடியும்? அவன் தோழி எடுத்தாள். ஆனால் அந்தப் படம் அவள் போனில் தேதி வரிசையில் கிடக்கிறது, பெயர் வரிசையில் இல்லை. போன் மாறும்போது போய்விடும். நோயாளி விஷயத்திலோ நேர்மாறு. வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பதற்காக அனுப்பிய எக்ஸ்ரேயில் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் எல்லாம் ஓரத்தில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. பெயர் வேண்டிய இடத்தில் இல்லை, கூடாத இடத்தில் இருக்கிறது. என் காலத்து இரண்டு விதியும் தலைகீழாகிவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி நகரத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஜி.எச்.சுக்குள்ளும் புகுந்தது. வடிந்த பிறகு பழைய மாணவர்கள், ஓய்வுபெற்ற டாக்டர்கள் என்று பலர் நனைந்த ஆல்பங்களோடு என்னிடம் வந்தார்கள். ஒட்டிக்கொண்ட படங்களை வெயிலில் காயப்போடாதீர்கள், அப்படியே கல்லாகிவிடும் என்று முதலில் சொன்னேன். சுத்தமான தண்ணீர் நிறைந்த தட்டில் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒன்றொன்றாகப் பிரித்து, நிழலில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். லேபில் கழுவிப் போட்ட பழைய பிரிண்ட்டுகள் பெரும்பாலும் பிழைத்தன. இங்க்ஜெட்டில் போட்ட புதிய படங்கள் சாயமாகக் கரைந்து ஓடின. முதுகில் மைப்பேனாவால் எழுதிய பெயர்கள் அழிந்துபோயின, பென்சிலால் எழுதியவை நின்றன. பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் பிரிண்ட்டில் பென்சில் ஏறாது. அதற்குப் படத்தின் முதுகில் எண்ணை மட்டும் குறித்து, பெயர்ப் பட்டியலைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். உப்புக்காற்று ஊரில் மழை இல்லாவிட்டாலும் பூஞ்சை வரும். நெகட்டிவை வெண்ணெய்த்தாள் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் வைக்கவேண்டும்.

அந்த ஆல்பங்களைக் காயவைக்கும்போது இத்தனை வருஷப் படங்களையும் ஒருசேரப் பார்த்தேன். டீன், பேராசிரியர், மாணவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. பெஞ்சைத் தூக்கிவந்து போட்டுவிட்டுப் படத்துக்கு வெளியே போய் நின்ற உதவியாளருக்கு இல்லை. டிசெக்‌ஷன் ஹாலில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு முதல்நாள் பயத்தைப் போக்கியவர், பிரேத அறையில் உடலைக் கழுவிச் சொந்தக்காரர்களிடம் மரியாதையாக ஒப்படைத்தவர், பிரசவ வார்டில் இரவு முழுவதும் நின்ற ஆயாம்மா, எனக்கு எண்ணைக் கற்றுக்கொடுத்த டார்க்ரூம் உதவியாளர், இவர்கள் யாரும் அட்டைக்குக் கீழே இருந்த பெயர் வரிசையில் இல்லை. அவர்கள் நோயாளிகள் அல்லர். அவர்கள் பெயரை மறைக்க எந்த விதியும் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரியை நடத்துகிறவர்களில் பாதிப்பேர் பதிவேட்டில் சம்பளமாக மட்டும் இருக்கிறார்கள், படத்தில் இல்லை.

கல்லூரிக்கு 2025இல் 25 வயது ஆகிவிட்டது. பழைய படங்களைச் சேர்க்க வேண்டும் என்று இளம் டாக்டர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். விழா மேடையை எடுக்க ஆள் இருக்கிறது, விடுங்கள். ஓ.பி. சீட்டு வரிசையை எடுங்கள், முகம் தெரியாமல். லைப்ரரியில் தூங்கும் மாணவியை எடுங்கள், அவளிடம் கேட்டுவிட்டு. அடுத்த குரூப் போட்டோவில் பெஞ்சு போட்டவரையும் வார்டு ஆயாவையும் வரிசையில் நிறுத்துங்கள், தாளையும் பென்சிலையும் அவர்களிடமும் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் நீங்கள் எழுதுங்கள். பழைய அட்டைகளில் விடுபட்டவர்களைத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகக் கேட்டு இந்த வருஷத்துக்குள் எழுதிவிடுங்கள். புதிய படம் எடுக்க நாளை நேரம் இருக்கும். பெயர் கேட்க இருக்காது.